பரசூட்டில் குதிக்கப் போகிறீர்களா? வன்னியில் இருந்து முதல்தடவை போகிறவர்களுக்கு

வெளிநாட்டில் இருக்கிற மச்சான் ஒருவர் துபாயில் பரசூட்டில் குதித்த வீடியோவை வைபர் குழுவில் போட்டுவிட்டால் போதும், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஒரு கிழமைக்கு அதே கதைதான். பிள்ளைகள் "எவ்வளவு காசு, எங்கே போகவேணும், பயமில்லையோ" என்று கேட்பார்கள். பெரியவர்கள் "அது ஆமிக்காரன் பழகிற வேலை, உனக்கென்னத்துக்கு" என்று ஒரே வெட்டாக வெட்டிவிடுவார்கள். இரண்டு பகுதிக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஆமிக்காரன் குதிப்பதிலும் சுற்றுலாப் போனவர் குதிப்பதிலும் இருப்பது துணியும் கயிறும்தான், ஆனால் உயரம், நோக்கம், இறங்கும் விதம் எல்லாமே தலைகீழ். இந்த வித்தியாசம் விளங்கினால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பயம் இருக்கட்டும், அது தேவை.

முதலில் போர்ப் பரசூட்டை முடித்துவிடுவோம்

படையினர் கூட்டமாகக் குதிக்கும்போது கயிறு இழுக்கிற வேலையே அவர்களுக்கு இல்லை. பிளேனுக்குள் தலைக்கு மேலே நீளத்துக்கு ஒரு கம்பிவடம் போகும். ஒவ்வொருவரும் தன் முதுகுப் பொதியில் இருந்து வரும் பட்டியின் கொளுக்கியை அதில் மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். பச்சை விளக்கு எரிந்ததும் விநாடிக்கு ஒருவர் என்கிற கணக்கில் கதவால் போக, அந்தப் பட்டி இழுபட்டு பரசூட்டைத் தானாகவே உருவி விரித்துவிடும். குதித்தவர் நாலு, ஐந்து என்று எண்ணிவிட்டு அண்ணாந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பயிற்சியில் உயரம் ஆயிரம் அடியளவு, சண்டையில் அதற்கும் பதிவாக. மேலே தொங்குகிற ஒவ்வொரு விநாடியும் கீழே துவக்கோடு நிற்பவனுக்கு லாபம் என்பதால்தான் இவ்வளவு குறைந்த உயரம்.

அப்படி இறங்குவது மெத்தென்று இறங்குவதும் இல்லை. அமெரிக்கப் படை நெடுங்காலம் பாவித்த டி-10 என்ற வட்டப் பரசூட் விநாடிக்கு ஏறத்தாழ 7 மீற்றர் வேகத்தில் ஆளை நிலத்தில் கொண்டுவந்து போடும். எட்டடி மதிலில் இருந்து குதித்தால் என்ன அடியோ அதே அடி, அதுவும் மூட்டை முடிச்சு, துவக்கு எல்லாவற்றோடும். காலை நீட்டி நின்று இறங்கினால் குதிக்காலோ முழங்காலோ போய்விடும். அதனால்தான் இரண்டு காலையும் ஒட்டவைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, பாதம், கெண்டைக்கால், தொடை, பிட்டம், பக்க முதுகு என்று வரிசையாக உருண்டு அடியைப் பங்குபோடப் பழக்குகிறார்கள். சும்மா நிலத்திலும் மேடையிலும் நின்று இதையே நாள்கணக்காகச் செய்விப்பார்கள். நீங்கள் தனியாகக் குதிக்கப் பழகினாலும் இதைத்தான் முதலில் பழக்குவார்கள், ஆகவே இந்தப் பந்தியை மறக்க வேண்டாம்.

போரில் இது எவ்வளவு கோரமாகப் போகலாம் என்பதற்குக் கிரேக்கத்தின் கிரீட் தீவு போதும். 1941 மே 20 அன்று ஜேர்மன் பரசூட் படை அங்கே குதித்தது. அவர்களுடைய பரசூட் முதுகில் ஒரே இடத்தில் கட்டப்பட்டிருந்ததால் காற்றில் திருப்பவும் முடியாது, கையும் முழங்காலும் ஊன்றித்தான் விழ வேண்டும்; அதற்காக முழங்காலுக்கு மெத்தை கட்டியிருந்தார்கள். பெரிய ஆயுதங்கள் தனிப் பெட்டிகளில் வேறு பரசூட்டில் வந்தன. குதித்தவர்களில் அனேகர் கையில் கைத்துப்பாக்கியும் கைக்குண்டும்தான். பெட்டி விழுந்த இடத்தை நோக்கி ஓடும்போதே சுடுபட்டுப் போனார்கள். தீவைப் பிடித்தார்கள், ஆனால் இழப்பைப் பார்த்த ஹிட்லர் அதற்குப் பிறகு அந்தளவு பெரிய பரசூட் தாக்குதலுக்குச் சம்மதிக்கவில்லை. 1944 ஜூன் 6 நோர்மண்டியில் அமெரிக்கருக்கு வேறு பிரச்சினை: ஜேர்மன்காரர் ஆற்றோர நிலத்தை வெள்ளத்தில் மூழ்கடித்து வைத்திருந்தார்கள். அமெரிக்கருடைய பட்டிகளை அவசரத்துக்குக் கழற்ற முடியாது. பாரத்தோடு விழுந்து, ஆழமில்லாத தண்ணீரிலேயே ஆட்கள் மூழ்கினார்கள். பட்டி கழற்றுவது ஏன் முக்கியம் என்று பயிற்றுநர் திரும்பத் திரும்பச் சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் பக்கத்துக் கதைக்கு வந்தால், பரசூட் என்றதும் வடக்கில் வயது போனவர்களுக்கு ஞாபகம் வருவது 1987 ஜூன் 4. இந்திய விமானப்படையின் ஐந்து அன்ரனோவ்-32 பிளேன்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலோடு வந்து யாழ்ப்பாணத்தின் மேல் ஏறத்தாழ 25 தொன் நிவாரணப் பொருளைப் பரசூட்டில் போட்டன; பூமாலை என்று அந்த நடவடிக்கைக்குப் பெயர். அதே வருசம் ஒக்டோபரில் யாழ். பல்கலைக்கழக வளவில் இறங்கிய இந்தியக் கொமாண்டோக்களையும் சிலர் "பரசூட்டில் வந்தவங்கள்" என்று சொல்வதுண்டு. பெயர்தான் பரா கொமாண்டோ, வந்தது ஹெலிகொப்டரில். இலங்கையில் இப்போது விமானப்படையின் பரசூட் பயிற்சிப் பாடசாலை அம்பாறையில் இருக்கிறது, சுதந்திரதினத்துக்குக் காலிமுகத்திடலில் கொடியோடு இறங்குகிறவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அவர்கள் அதில் பாவிப்பது வட்டப் பரசூட் இல்லை, விளையாட்டுக்காரர் பாவிக்கிற சதுர வகை. போர்க்காரனே காட்சிக்குக் குதிக்கும்போது விளையாட்டுப் பரசூட்டுக்கு மாறிவிடுகிறான், கவனித்துப் பாருங்கள்.

அடிக்கடி கேட்கிற ஒரு கேள்விக்கும் இதிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: பரசூட்டில் வருகிறவனைச் சுடலாமா? அடிபட்டு விழும் விமானத்தில் இருந்து உயிர்தப்பக் குதித்தவரை இறங்கும்போது சுடக்கூடாது, எதிரியின் கட்டுப்பாட்டுப் பகுதியில் தரையிறங்கிய பிறகு, அவர் சண்டைக்கு முனைவது தெளிவாகத் தெரிந்தாலொழிய, சரணடைய இடம் கொடுக்க வேண்டும். ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு முதலாவது மேலதிக நெறிமுறையில் 42ஆம் உறுப்புரை இதைத்தான் சொல்கிறது. சண்டைபிடிக்கவென்றே குதிக்கும் படைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்றும் அதே உறுப்புரை சொல்கிறது. இரண்டும் ஒரே துணியில் தொங்குகின்றன, சட்டம் பார்ப்பது ஏன் குதித்தார் என்பதை.

காட்டில் பரசூட் துணி கண்டால்

இது பயண வழிகாட்டிக்குள் வரக்கூடாத தலைப்பு, ஆனால் வன்னியில் எழுதும்போது விடமுடியாது. எங்களில் பெரும்பாலானோர் முதலில் கண்ட பரசூட்டில் ஆள் இருக்கவில்லை, வெளிச்சம் இருந்தது. பரா லைட் என்று சொல்வோமே, அதுதான். மோட்டார் எறிகணையோ பீரங்கியோ மேலே கொண்டுபோய் வெடித்துத் திறக்க, மக்னீசியம் கலந்த மருந்து எரிந்துகொண்டே சின்னப் பரசூட்டில் மெல்ல மெல்ல இறங்கும். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஊர் முழுக்க வெள்ளை வெளிச்சம். குண்டுகளிலும் பரசூட் கட்டிய வகை உண்டு. பதிவாகப் பறந்து போடுகிற விமானம் தன் குண்டிலேயே தான் அடிபடாமல் விலகிப் போக, குண்டின் வேகத்தைக் குறைக்கிறதற்கு அது. ஆகவே பற்றைக்குள் நைலோன் துணியும் மெல்லிய கயிறும் கிடந்தால் இழுக்க வேண்டாம். கயிற்றின் மறுநுனியில் எரியாத மருந்தோ வெடிக்காத குண்டோ இருக்கலாம். தொடாமல், வந்த அடியிலேயே திரும்பி நடந்து, இடத்தை ஞாபகம் வைத்து, கிராம சேவகரிடமோ பொலிசிடமோ (119) சொல்லுங்கள்; கண்ணிவெடி அகற்றுகிற ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் ஆட்கள் வேலை செய்கிற பகுதி என்றால் அவர்களிடமே நேரே சொல்லலாம். தேன் எடுக்கவும் விறகுக்கும் போகிறவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

சரி, இனி விளையாட்டுக்கு வருவோம்.

எந்த வகையில் குதிப்பது

முதல்தடவை போகிறவருக்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்று டான்டெம்: பயிற்றுநரின் நெஞ்சோடு உங்களைக் கட்டிக்கொண்டு அவரே எல்லாம் செய்வார், அரை மணிநேர விளக்கம் போதும். இரண்டாவது, மேலே சொன்ன ஆமி முறைபோலப் பட்டி மாட்டித் தனியாகக் குதிப்பது. ஒரு நாளாவது வகுப்பு இருக்கும், உயரம் மூவாயிரம் அடிக்குக் கொஞ்சம் கூடக் குறைய. மூன்றாவது ஏஎஃப்எஃப்: தனிப் பரசூட்டோடு பத்தாயிரம் அடிக்கு மேலிருந்து குதிப்பீர்கள், இரண்டு பயிற்றுநர்கள் இரு பக்கமும் பிடித்தபடி கூடவே விழுவார்கள். என்னைக் கேட்டால் டான்டெம் எடுங்கள். "கட்டிக்கொண்டு குதிக்கிறது என்ன வீரம்" என்று சொல்கிறவர்களை அவர்கள் பாட்டில் விடுங்கள், முதல் தடவை மூளை அரைவாசி வேலைநிறுத்தம் செய்துவிடும், உயரமானி பார்க்கவும் கயிறு இழுக்கவும் அதை நம்பத் தேவையில்லை.

கடலில் படகு இழுக்க மேலே எழும்புவது இதில் சேர்த்தி இல்லை, அது பாராசெய்லிங். மலையில் இருந்து ஓடிப் பறப்பதும் வேறு.

உடம்பு

பெரும்பாலான இடங்களில் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், எடை 100 கிலோவுக்கு உள்ளே. சில இடங்களில் இதைவிடக் குறைவு, முதலே எழுதிக் கேளுங்கள். இரத்த அழுத்தம், இருதய வருத்தம், வலிப்பு, அண்மையில் செய்த சத்திரசிகிச்சை, நாரி நோ, அடிக்கடி விலகுகிற தோள்மூட்டு, கர்ப்பம், இவற்றில் ஒன்று இருந்தாலும் டொக்டரைக் கேட்காமல் போகக்கூடாது. தடிமன் பிடித்திருந்தால் அன்றைக்கு விடுங்கள். பதின்மூவாயிரம் அடியில் இருந்து சில நிமிடத்தில் இறங்கும்போது அடைத்த காதும் நெற்றியும் படுத்துகிற பாடு பொறுக்க முடியாது. தாய்லாந்துக்குப் போய் முதல் நாள் கடலுக்கு அடியில் டைவிங், அடுத்த நாள் பரசூட் என்று போட்டுக்கொள்ளாதீர்கள், டைவிங் முடித்து ஒரு நாளாவது போக வேண்டும்; இல்லாவிட்டால் இரத்தத்தில் கரைந்திருக்கும் நைதரசன் உயரத்தில் குமிழாகும்.

எங்கள் ஆட்களுக்கு மட்டும் இரண்டு விடயம். உடம்பில் ஷெல் துண்டோ சன்னமோ இருக்கிறவர்கள் (கட்டுநாயக்காவில் மெசின் கூவும்போதே உங்களுக்குத் தெரியும்) அது எங்கே இருக்கிறது என்று டொக்டரிடம் கேளுங்கள். சதைக்குள் சும்மா கிடப்பது ஒன்று, முள்ளந்தண்டுக்கோ பெரிய நரம்புக்கோ பக்கத்தில் இருப்பது இன்னொன்று. பரசூட் விரியும்போது பட்டிகள் தொடையிலும் தோளிலும் இறுக்கிப் பிடித்து இழுக்கும். பொய்க்கால் போட்டிருப்பவர்களும் குதிக்கலாம், உலகத்தில் எத்தனையோ பேர் குதிக்கிறார்கள், ஆனால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். மணிக்கு 200 கிலோமீற்றர் காற்றில் சரியாகக் கட்டாத பொய்க்கால் கழன்று போகும், கழற்றிவிட்டுக் குதிப்பதா கட்டிக்கொண்டு குதிப்பதா என்று அவர்கள் பார்த்து முடிவெடுப்பார்கள்.

இரண்டாவது, சத்தம். குதிக்கிற இடங்களில் அதிகம் பாவிக்கிற ட்வின் ஒட்டர் என்ற பிளேனில் இருப்பது பிடி6 என்ற எஞ்சின். தொண்ணூறுகளில் வடக்கில் குண்டு போட்ட சீன வை-12இலும் அதே குடும்பத்து எஞ்சின்தான். பொம்பர் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் ஓடி வளர்ந்த ஒருவருக்கு, குதிக்கிற பயம் வருமுன்பே ஓடுபாதையில் அந்த இரைச்சல் கேட்டுக் கை கால் நடுங்கலாம். அதைக் கோழைத்தனம் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. முதல் நாள் குதிக்காமல் போய், மூன்று நாலு பிளேன் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு இருங்கள். அல்லது பிளேனே இல்லாமல், கீழிருந்து அடிக்கும் காற்றில் மிதக்கவிடும் காற்றுச் சுரங்கத்தில் தொடங்கலாம், சிங்கப்பூரிலும் துபாயிலும் லண்டனிலும் இருக்கிறது. பயிற்றுநரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், ஏன் நடுங்குகிறீர்கள் என்று தெரிந்தால் அவர் வேறு மாதிரி நடத்துவார்.

எங்கே போவது

வன்னியில் பொதுமக்கள் குதிக்கிற இடம் இல்லை. இரணைமடு ஓடுபாதை விமானப்படையிடம், வவுனியாவும் அப்படியே. நிலம் மட்டமான நிலம்தான், பெரும்போகம் வெட்டி முடிந்த வயல்வெளி பரசூட் இறங்கத் தங்கமான இடம், ஆனால் சுற்றிவரக் குளம், பனங்கூடல், காடு, இன்னும் கண்ணிவெடி எடுத்து முடியாத துண்டுகள். சோளகம் அடிக்கத் தொடங்கினால் மாதக்கணக்காக ஒருவரையும் மேலே ஏற்ற முடியாது. புதியவர்கள் தனியாகக் குதிப்பதற்கு அமெரிக்கப் பரசூட் சங்கம் வைத்திருக்கிற காற்று எல்லை மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீற்றர்தான், ஆனையிறவில் நின்றுகொண்டு அதைக் கணக்குப் பாருங்கள்.

ஆகவே வெளியில்தான் போகவேண்டும். இந்தியாவில் அரியானாவின் நார்னோலில் குதிக்கலாம். தாய்லாந்தில் பட்டாயாப் பக்கம் இருக்கிறது. 2018இல் புனேயைச் சேர்ந்த சீத்தல் மகாஜன் மராத்தியப் பெண்கள் கட்டும் ஒன்பது யார் நீளச் சேலையோடு குதித்தது அங்கேதான், அவர் நூற்றுக்கணக்கில் குதித்த ஆள், நீங்கள் காற்சட்டையோடு போங்கள். துபாயில் பனைமர வடிவத் தீவுக்கு மேலே குதிக்கலாம், பார்வைக்கு அதை அடிக்க இடமில்லை, ஆனால் இரண்டாயிரம் திர்ஹாமுக்கு மேல் எடுப்பார்கள். ஐரோப்பாவிலும் கனடாவிலும் சொந்தக்காரர் இருந்தால் அங்கே கோடை காலத்தில் போவது செலவு குறைவு, சுவிஸில் இன்டர்லாக்கனில் மலைகளுக்கு நடுவே இறங்கலாம். விலையைப் பார்க்கும்போது வீடியோ அதற்குள் அடக்கமா என்று கேளுங்கள். பல இடங்களில் குதிக்கிற காசில் பாதி அளவு வீடியோவுக்கே தனியாகப் போகும்.

பதிவு செய்ய முன் கேட்க வேண்டியவை: பயிற்றுநருக்கு டான்டெம் அனுமதிப்பத்திரம் எந்தச் சங்கம் கொடுத்தது? அவசரத்துக்கு வைத்திருக்கும் மேலதிகப் பரசூட்டைக் கடைசியாக மடித்து முத்திரை வைத்த திகதி எது? (அமெரிக்காவில் 180 நாளுக்கு ஒருமுறை கட்டாயம், மற்ற நாடுகளில் ஆறு மாதமோ ஒரு வருடமோ.) தானாக விரிக்கும் கருவி பூட்டியிருக்கிறதா? காலநிலை சரியில்லாவிட்டால் காசு திரும்புமா, நாள் மாற்றித் தருவார்களா? இந்த நாலுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லாத இடத்துக்குப் போகாதீர்கள். உங்கள் பயணக் காப்புறுதியையும் எடுத்து வாசியுங்கள், அனேகமாகப் பரசூட்டுக்குப் பொருந்தாது என்று சின்ன எழுத்தில் இருக்கும்.

முதுகில் என்ன இருக்கிறது

ஒரு பொதிக்குள் இரண்டு பரசூட். கீழே பிரதானமானது, மேலே அவசரத்துக்கு. இரண்டும் செவ்வக வடிவம், மேல் துணி கீழ் துணி என்று இரண்டு தட்டு, நடுவே அறைகள். முன்பக்கத்தால் காற்றுப் புகுந்து ஊதிச் சிறகாகிவிடும். இதைக் கண்டுபிடித்த டோமினா ஜால்பேர்ட் பட்டம் செய்கிறவர், அறுபதுகளில் உரிமம் எடுத்தார். வல்வெட்டித்துறைப் பொங்கல் பட்டத்துக்கு முச்சை கட்டத் தெரிந்தவருக்கு இது நொடியில் விளங்கும்: முன் நூலும் பின் நூலும் என்ன நீளம் என்பதில்தான் சிறகு எந்தச் சரிவில் காற்றை வெட்டும் என்பது இருக்கிறது. வட்டப் பரசூட் காற்றைப் பிடித்துக்கொண்டு விழும், இது காற்றை வெட்டிக்கொண்டு பறக்கும். தரையைத் தொட முன் இரண்டு கைப்பிடியையும் கீழே இழுத்தால் பின்விளிம்பு மடங்கி வேகம் அப்படியே செத்துப்போகும், படியால் இறங்குகிற மாதிரி நடந்தே இறங்கலாம்.

தோளடியில் பாருங்கள், மூன்று வளையம் தெரியும். பெரியதுக்குள் நடுவளையம் நுழைந்து மடங்கும், அதற்குள் சின்னது நுழைந்து மடங்கும், சின்னதை ஒரு துண்டுக் கயிற்று வளையம் பிடித்திருக்கும், அந்தக் கயிற்றுக்குள்ளால் மஞ்சள் நிறத்தில் ஒரு கேபிள் போகும். அவ்வளவுதான் பூட்டு. ஒவ்வொரு வளையமும் பாரத்தைக் குறைத்துக் குறைத்து அடுத்ததுக்குக் கொடுப்பதால், மேலே ஒரு ஆளின் முழுப் பாரம் தொங்கினாலும் அந்தக் கேபிளை ஒரு கையால் உருவிவிடலாம். உருவினால் மூன்று வளையமும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிக் கழன்று, சிக்குப்பட்ட பிரதான பரசூட் பறந்துபோகும், மேலதிகமானதை விரிக்க இடம் கிடைக்கும். பில் பூத் என்ற அமெரிக்கர் எழுபதுகளில் செய்தது. இதைவிட எளிமையான உயிர்காப்புச் சாமானை நான் கண்டதில்லை, போகும்போது பயிற்றுநரிடம் கேட்டுக் கிட்ட நின்று பாருங்கள்.

தானாக விரிக்கும் கருவி காற்றமுக்கத்தை வைத்து உயரத்தையும் வேகத்தையும் கணக்கிடும். குறிப்பிட்ட உயரத்துக்கு, டான்டெமில் சைப்ரஸ் என்ற வகைக்கு ஏறத்தாழ 1,900 அடிக்கு, வந்தும் இன்னும் விழுகிற வேகத்திலேயே இருந்தால், மேலதிகப் பரசூட்டின் கட்டுக்கயிற்றை அதுவே வெட்டிவிடும். இருவரும் மயங்கினாலும் வேலை செய்யும்.

குதிக்கிற நாள்

வெறும் வயிற்றோடு போகாதீர்கள், கொத்துரொட்டியும் அடித்துவிட்டுப் போகாதீர்கள். இரண்டு இடியப்பம், ஒரு வாழைப்பழம் போதும். முதல் நாள் இரவு குடிக்கக் கூடாது, வெறி முறியாமல் வந்தால் திருப்பி அனுப்புவார்கள். கயிறு கட்டுகிற சப்பாத்து, கொளுக்கி இல்லாதது. சங்கிலி, காப்பு, தோடு, மோதிரம் எல்லாம் கழற்றி அறையில் வையுங்கள். தாலிக்கொடி கழற்ற மனமில்லாத அக்காமார் அதை உள்ளே விட்டு, கழுத்துவரை பூட்டுகிற சட்டை போட்டு, பயிற்றுநரிடம் சொல்லுங்கள். நீள முடி என்றால் பின்னிக் கட்டி உள்ளே செருகுங்கள். கண்ணாடி போடுகிறவர்களுக்கு அதற்கு மேல் போடும் பெரிய காற்றுக்கண்ணாடி இருக்கும், கேட்டு வாங்க வேண்டும். சட்டைப்பையில் போன் வேண்டாம். மேலே குளிர் இருக்கும்: ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 2 பாகை குறையும், கீழே 33 பாகை என்றால் பதின்மூவாயிரம் அடியில் பத்துக்கும் கீழே.

அப்புறம் காத்திருப்பு. முகில் வந்தால் நிற்பார்கள், காற்றெழும்பினால் நிற்பார்கள். காலை ஏழு மணிக்குப் போய்ப் பின்னேரம் நாலுக்குக் குதிப்பதும், குதிக்காமல் திரும்புவதும் வழமை. அவசரப்படுத்தாதீர்கள், திரும்பிவரும் பிளேன் டிக்கெட்டை அதே நாளுக்குப் போடவும் வேண்டாம்.

கட்டும்போது தொடைப் பட்டிகளை வடிவாகப் பாருங்கள். துணி மடிந்து உள்ளே போயிருந்தால் அப்போதே சொல்லுங்கள், விரிகிற நேரம் அந்த மடிப்புத்தான் தோலை உரிக்கும். பிளேனில் பதினைந்து, இருபது நிமிடம். கதவு திறக்கும்போது வருகிற இரைச்சலும் குளிரும்தான் முழுப் பயணத்திலும் மோசமான கட்டம் என்று எனக்கு எண்ணம், அதைத் தாண்டினால் மற்றது இலேசு. விளிம்பில் இருக்கும்போது தலையைப் பின்னுக்குச் சாய்த்து அவர் தோளில் வையுங்கள், வயிற்றை முன்னுக்குத் தள்ளுங்கள், இரண்டு காலையும் பின்னால் மடக்கி அவருடைய கால்களுக்கு நடுவே விடுங்கள், கைகள் நெஞ்சில். எண்ணுவார், போய்விடுவீர்கள்.

கிணற்றுக்குள் விழுகிற மாதிரி வயிறு தூக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பிளேன் ஏற்கனவே வேகமாக ஓடிக்கொண்டிருப்பதால் அந்த வேகத்தோடுதான் வெளியே போகிறீர்கள், காற்று உடனே தாங்கத் தொடங்கிவிடும், வயிறு தூக்குவது பெரும்பாலும் தெரியாது. பத்துப் பன்னிரண்டு விநாடியில் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றரில் வேகம் நிலைத்துவிடும். இருவருடைய எடைக்கு வேகம் கூடிவிடாமல் பயிற்றுநர் பின்னால் ஒரு குட்டிப் பரசூட்டை இழுத்துக்கொண்டு வருவார், அதைக் கண்டு "விரிந்துவிட்டது" என்று நினைக்க வேண்டாம். மூச்சு வராததுபோல இருந்தால் கத்துங்கள். கத்தி முடிந்ததும் உடம்பு தானாக மூச்சை இழுக்கும். முக்கால் நிமிடம் இப்படி. படைவீரன் பிளேனில் இருந்து நிலம்வரை மொத்தமாக வானில் இருக்கிற நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், நீங்கள் அந்த நேரத்தில் இன்னும் பரசூட்டே விரிக்கவில்லை.

ஐயாயிரம் அடிக்குக் கொஞ்சம் மேலே விரிப்பார். மூன்று நாலு விநாடி யாரோ மேலே தூக்கின மாதிரி இருக்கும், அப்புறம் சத்தம் எல்லாம் நின்றுவிடும், சாதாரணக் குரலில் கதைக்கலாம். எச்சில் விழுங்கிக் காது அடைப்பை எடுங்கள். இங்கேதான் பலருக்குச் சத்தி வரும், சுற்றிச் சுற்றி இறக்குகிறதால்; தலைச்சுற்றினால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், நேரே ஓட்டுவார். தொடைப் பட்டி நோகும், அவர் பாதத்தின் மேல் உங்கள் பாதத்தை வைத்து ஒருமுறை எழும்பினால் சரியாகும். ஐந்தாறு நிமிடத்தில் நிலம். "காலைத் தூக்கு" என்று சொன்னதும் முழங்காலுக்குக் கீழே கையைக் கொடுத்து இரண்டு காலையும் நீட்டித் தூக்குங்கள், அவர் இருந்தபடி வழுக்கி இறங்குவார். உங்கள் குதிக்கால் முதலில் நிலத்தில் ஊன்றினால் கணுக்கால் போவது உங்களுடையது, டான்டெமில் காயங்களில் அனேகமானவை இந்த ஒரு இடத்தில்தான் வருகின்றன. ஆகவே மற்றதை எல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

திரும்பவும் குதிக்க ஆசை வந்தால்

வரும், சிலருக்கு. அப்போது ஏஎஃப்எஃப் பாருங்கள். அமெரிக்கச் சங்கத்தின் முதல் அனுமதிப்பத்திரமான ஏ-க்குக் குறைந்தது 25 குதிப்பு வேண்டும், பி-க்கு 50, சி-க்கு 200, டி-க்கு 500. பயிற்றுநர் இல்லாமல் தனியாகப் போகிற நிலைமை வரும்போது அவசர ஒழுங்கு நித்திரையிலும் வரவேண்டும்: அண்ணாந்து பார், சிறகு சதுரமாக, திருப்பக்கூடியதாக இருக்கிறதா, இல்லாவிட்டால் 2,500 அடிக்கு மேலேயே முடிவெடு, வலக்கைப் பிடியை இழுத்துக் கழற்று, இடக்கைப் பிடியை இழுத்து மேலதிகத்தை விரி. அதற்குக் கீழே வந்து யோசித்துக்கொண்டிருந்தவர்கள்தான் செத்திருக்கிறார்கள். இறங்கும்போது எப்போதும் காற்றுக்கு எதிராக; முதலில் காற்றோடு ஓடி, பக்கமாகத் திரும்பி, கடைசியில் எதிர்த்து வந்து இறங்குகிற ஒரு வளைவு இருக்கிறது, அதைக் கீழே நடந்தே பழக்குவார்கள்.

விடுமுறைக்கு இரண்டு கிழமை வந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: பயிலுநர் ஒருவர் 30 நாளுக்கு மேல் குதிக்காமல் விட்டால் மீண்டும் பயிற்றுநரோடு ஒரு குதிப்பு செய்துதான் தொடர வேண்டும், அதற்குத் தனிக் காசு. வருசத்துக்கு நாலு குதிப்பு என்று இழுத்தால் படிப்பும் முடியாது, செலவும் இரட்டிப்பு. மழை குறைந்த மாதமாகப் பார்த்து ஒரே இடத்தில் மூன்று நாலு கிழமை தங்கி 25ஐயும் ஒரேயடியாக முடியுங்கள், ஒவ்வொரு குதிப்புக்கும் பதிவுப் புத்தகத்தில் பயிற்றுநரின் கையெழுத்தை அன்றன்றே வாங்கிவிடுங்கள், வேறு நாட்டுக்குப் போனால் அந்தப் புத்தகத்தைத்தான் கேட்பார்கள்.